ஆதியாகமம் 1:2-இல் வரும் "மெரஹேஃபெத்": ஆவியானவர் அசைவாடினாரா, அடைகாத்தாரா?

சொல்வேர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். "தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்" என்ற வசனத்தை விளக்கும்போது, "மூலமொழியில் இது கோழி முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாப்பதைக் குறிக்கும் சொல்" என்று பிரசங்க மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிமையாக இருப்பதாலேயே இந்த விளக்கம் நிலைத்துவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. எபிரேயத்தில் அதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று இந்த இழையில் பேசலாம்.

முதலில் கையில் இருப்பதை எடுத்து வைக்கிறேன். ரேஷ், ஹேத், பே என்ற மூன்று மெய்களால் ஆன இந்த வினைவேர், எபிரேயப் பழைய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது. ஆதியாகமம் 1:2-இல் இருப்பது 'மெரஹேஃபெத்'. இது பியேல் என்னும் வினைப்பகுப்பில் (எபிரேய வினைவேர் ஏற்கும் வடிவ வகைகளுள் ஒன்றில்) அமைந்த பெண்பால் ஒருமை வடிவம். காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் குறிக்கும் 'ரூவாஹ்' இங்கே பெண்பாற்சொல்லாக நிற்பதால் வினையும் பெண்பாலில் அமைந்திருக்கிறது. உபாகமம் 32:11-இல் அதே பியேல் பகுப்பில் 'யெரஹேஃப்' வருகிறது. அங்கே எழுவாய் கழுகு. எரேமியா 23:9-இல் மட்டும் எளிய அடிப்படைப் பகுப்பில் 'ராஹஃபூ' என்று வருகிறது. அங்கே எழுவாய் தீர்க்கதரிசியின் எலும்புகள்.

பழைய தமிழ்த் திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், உபாகமத்து வசனம், "கழுகு தன் கூட்டைக் கலைத்து, தன் குஞ்சுகளின்மேல் அசைவாடி, தன் செட்டைகளை விரித்து" என்று போகிறது. எரேமியாவில் "என் எலும்புகளெல்லாம் அதிருகிறது" என்று இருக்கிறது. ஆவி, பறவை, எலும்பு ஆகிய மூன்றுக்கும் பொருந்தும்படி ஒரே வினைக்கு அடிப்படைப் பொருள் என்னவாக இருக்க முடியும் என்பதே என் கேள்வி.

மறையுரை வாசகர் எழுதியது:

சொல்வேர் அவர்களுக்கு வணக்கம். அடைகாத்தல் என்ற பொருளை மேடைப் பேச்சாளர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு மிகப் பழைய சான்றோர் ஆதரவு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பசிலியார், படைப்பின் ஆறு நாள்களைப் பற்றி ஆற்றிய மறையுரைகளில் இந்த வசனத்துக்கு வரும்போது, தம் சொந்தக் கருத்தைச் சொல்லாமல், சிரியர் ஒருவரின் கருத்து என்று முன்னுரைத்துக்கொண்டு விளக்குகிறார். அந்தச் சிரியரின் மொழி எபிரேயத்துக்கு நெருங்கியது என்றும், அம்மொழியின்படி ஆவி நீரின் இயல்பைப் பறவை முட்டைகளை அடைகாப்பதுபோல வெம்மையூட்டி உயிர்பெறச் செய்தது என்று கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்.

அதே நூற்றாண்டின் இறுதியில் புனித எரோணிமுசும் தொடக்கநூல் (ஆதியாகமம்) பற்றிய தம் எபிரேய ஆய்வுக் குறிப்புகளில் ஏறக்குறைய இதையே எழுதுகிறார். நம் படிகளில் 'தாங்கிச் செல்லப்பட்டது' என்று இருக்கிற இடத்தில் எபிரேயச் சொல்லை 'அடைகாத்தது' என்றோ 'வெம்மையூட்டிப் பேணியது' என்றோ பெயர்க்கலாம் என்பது அவர் கூற்று; வெப்பத்தால் முட்டைகளுக்கு உயிரூட்டும் பறவையை அவரும் எடுத்துக்காட்டுகிறார். பெத்லகேமில் இருந்துகொண்டு யூத ஆசிரியர்களிடம் எபிரேயம் கற்றவர் அவர். அப்படிப்பட்டவர் சொன்னதை எளிதில் ஒதுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மண்பலகை எழுதியது:

பசிலியாரும் எரோணிமுசும் எழுதியது இந்த வசனம் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அவர்களைவிட ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான சான்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.

1928-இல் சிரியக் கடற்கரையில் உழவர் ஒருவர் தற்செயலாகப் பழைய கல்லறை ஒன்றைக் கண்டதைத் தொடர்ந்து, 1929-இல் குளோத் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சு அகழாய்வுக் குழு அருகிலுள்ள ராஸ் ஷம்ரா மேட்டைத் தோண்டத் தொடங்கியது. வெளிப்பட்டது உகாரித் என்ற நகரம். அது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோனது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை ஹன்ஸ் பவுவர், எதுவார் தோர்ம், சார்ல் விரோலோ ஆகிய மூவரும் மிகக் குறுகிய காலத்திலேயே படித்துவிட்டார்கள். மொழி எபிரேயத்துக்கு உறவான செமித்திய மொழி என்பதே அதற்குப் பெரிய உதவியாக இருந்தது.

அங்கே கிடைத்த அக்ஹாத் கதையில் நம் வினை வருகிறது. தானில் என்பவனின் மகன் அக்ஹாத்திடம், கைவினைத் தெய்வமான கோதர் செய்த வில் ஒன்று இருக்கிறது. அனாத் என்ற பெண்தெய்வம் அதன்மேல் ஆசைகொண்டு வெள்ளியும் பொன்னும், பிறகு சாவாமையுமே தருவதாகச் சொல்கிறாள். அவன் மறுப்பதோடு, பெண்களுக்கு எதற்கு வில் என்று ஏளனமும் செய்துவிடுகிறான். அவள் யத்பான் என்ற வீரனை ஏவுகிறாள். அக்ஹாத் உணவுக்கு அமரும்போது அவனுக்கு மேலே 'நஷ்ர்' பறவைகள் வட்டமிடும், பருந்துக் கூட்டம் கீழே நோட்டமிடும், அவற்றின் நடுவே நானும் வட்டமிடுவேன், அங்கிருந்து உன்னை அவன்மேல் விடுவேன், அவன் உச்சந்தலையில் இரண்டு முறை, காதின்மேல் மூன்று முறை அடி என்பது அவள் திட்டம். 'வட்டமிடும்' என்று நான் பெயர்த்த இடங்களில் மூலத்தில் இருப்பது நம் ரேஷ்-ஹேத்-பே வினைதான். எழுவாயாக நிற்கும் 'நஷ்ர்' உபாகமத்தில் வரும் 'நேஷெர்' என்னும் கழுகேதான். கொலை நடந்த பிறகு, அக்ஹாத்தின் சகோதரி பூகாத் தன் தந்தையின் வீட்டுக்கு மேலே இதே பறவைகள் இதே வினையால் வட்டமிடுவதைக் கண்டு உள்ளுக்குள் அழுகிறாள். பின்னால் தானில் பறவைகளைக் கீழே விழச்செய்து வயிற்றைக் கிழித்துத் தேடுகிறான். பறவைகளின் தாயான ஸமல் என்பதன் வயிற்றில் மகனின் எச்சம் கிடைக்கிறது.

இந்தக் காட்சிகளில் கூடு இல்லை, முட்டை இல்லை, வெம்மையும் இல்லை. இருப்பது, மேலே சிறகை விரித்து ஓரிடத்தையே சுற்றி நிற்கும் இரைதேடும் பறவைகள்.

ஒலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எபிரேயத்தின் ஹேத் எழுத்து, முன்பு வேறுவேறாக இருந்த இரண்டு தொண்டை ஒலிகள் ஒன்றாகிப்போனதன் விளைவு. உகாரித் எழுத்தோ அவ்விரண்டையும் பிரித்தே காட்டுகிறது. நம் வினை அங்கே கரகரப்பான 'ஃக' ஒலியோடு எழுதப்பட்டிருக்கிறது. அரபு போன்ற மொழிகளில் இதற்கு உறவுச்சொல் தேடுகிறவர்கள் அந்த ஒலி உள்ள வேர்களையே தேட வேண்டும். இதைக் கவனிக்காமல் போடப்பட்ட சொற்பிறப்புகள் இணையத்தில் ஏராளம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ஒரு சிறு ஐயம். பினீசியருக்கு உலக முட்டை பற்றிய கதை இருந்ததாகவும், ஆதியாகமத்தின் இந்த வரி அதன் மிச்சம் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் முட்டை வெளியிலிருந்து வந்த கற்பனை ஆகாதே?

சொல்வேர் எழுதியது:

அந்தக் கருத்து பரவலாக அறியப்பட்டது ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் வழியாக. பிப்லோஸ் ஊரைச் சேர்ந்த ஃபிலோ என்பவர் எழுதி, சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் மேற்கோள் காட்டியதால் தப்பிப் பிழைத்த பினீசியத் தோற்றக் கதையில் முட்டை வடிவம் பற்றிய குறிப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஃபிலோ கிறிஸ்துவுக்குப் பின் 1, 2ஆம் நூற்றாண்டுக்காரர்; கிரேக்கச் சிந்தனையில் ஊறியவர். அவர் தரும் கதையைப் பின்னோக்கி ஆதியாகமத்துக்குள் கொண்டுபோய் வைப்பதற்கு, மெரஹேஃபெத் என்ற சொல்லுக்கு அடைகாத்தல் என்ற பொருள் முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும். இங்கே கேள்வியே அதுதான். மேலும் ஆதியாகமத்தில் நீர் பொரிப்பதும் இல்லை, பிளந்து குஞ்சு வருவதும் இல்லை. தேவன் பேசுகிறார், பிரிக்கிறார், பெயரிடுகிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது எபிரேயத்துக்குள்ளேயே இருக்கும் சான்று. உபாகமம் 32:11-இல் கழுகின் கீழே இருப்பவை 'கோஸாலாவ்', அதாவது அதன் குஞ்சுகள். முட்டைப் பருவம் முடிந்து, கூட்டைக் கலைத்து வெளியே பழக்கும் நிலைக்கு அவை வந்துவிட்டன. அடுத்த தொடரிலேயே அவற்றைச் சிறகின்மேல் சுமந்துகொண்டு போகிறது. அடைகாத்தலுக்கு அங்கே இடமே இல்லை. எபிரேயத்தில் அடைகாத்தலுக்கு வேறு வினையும் உண்டு: 'தாகர்'. எரேமியா 17:11-இல் அநியாயமாய்ப் பொருள் சேர்க்கிறவனுக்கு உவமையாக வரும் கவுதாரியைப் பற்றி நம் பழைய திருப்புதல், "முட்டையிட்டு அவயங்காத்தும், குஞ்சுபொரிக்காமற்போகிற" என்று அழகாகச் சொல்கிறது. 'அவயங்காத்து' என்று வரும் இடத்தில் இருப்பது தாகர். ஆதியாகமத்தை எழுதியவர் அவயங்காத்தலைச் சொல்ல விரும்பியிருந்தால் அந்தச் சொல் அவருக்குக் கிடைக்காமல் போயிருக்காது.

இன்னொன்று. ஆதியாகமம் 1:2-இல் பூமியின் நிலையைச் சொல்லும் 'தோஹு' என்ற சொல், ஐந்தாகமங்களில் (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில்) அதற்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: உபாகமம் 32:10-இல், "ஊளையிடுதலுள்ள வெறுமையான அவாந்தரவெளி" என்ற இடத்தில். அதற்கு அடுத்த வசனத்தில் நம் வினை. ஐந்தாகமங்களில் இவ்விரு அரிய சொற்களும் இணைந்து நிற்பது தொடக்கத்திலும் முடிவை ஒட்டி வரும் மோசேயின் பாட்டிலும் மட்டுமே. ஒன்று மற்றொன்றை நினைத்தே எழுதப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆதியாகமத்து ஆவியைப் புரிந்துகொள்ள முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாழ்வெளியில் அகப்பட்ட ஒன்றின்மேல் சிறகை விரித்து நிற்கும் காட்சி அது.

சுரியானி மாணவர் எழுதியது:

பசிலியார் குறிப்பிட்ட அந்தச் சிரியர் யார் என்பதைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். பசிலியார் பெயரைச் சொல்லவில்லை. நெடுங்காலமாக அது சுரியானி உரையாசிரியர் எஃப்ரேம் என்று சொல்லப்பட்டு வந்தது. அதில் ஒரு பெரிய இடையூறு என்னவென்றால், எஃப்ரேம் தம் ஆதியாகம உரையில் இந்த இடத்தில் பரிசுத்த ஆவியைக் காணவே மறுக்கிறார். இது படைக்கப்பட்ட காற்று என்பதே அவர் முடிவு. ஆகவே எமேசா ஊரின் ஆயர் யூசேபியஸ் முதலிய வேறு பெயர்களையும் ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள்.

எபிரேயத்துக்கு உறவான சுரியானி மொழியில் இந்த வேர் நன்றாக வாழ்ந்த வேர். எபிரேயத்தில் மூன்றே இடத்தில் வரும் சொல், அங்கே அன்றாட வழக்கில் இருந்தது: பறவை சிறகடித்து மேலே நிற்பது, குஞ்சுகளைச் சிறகால் மூடுவது, அடைகாப்பது, அதிலிருந்து இரங்குவது, பரிவு காட்டுவது வரைக்கும் அதன் பொருள் விரிந்தது. பெஷித்தா என்ற சுரியானி மறைநூல் ஆதியாகமம் 1:2-இல் அதே வேரிலிருந்து 'மரஹ்ஃபா' என்று எழுதுகிறது. சுரியானி பேசுகிறவர் அந்த வரியை வாசிக்கும்போது தம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இருந்த வெம்மையும் பரிவும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பசிலியாரும் அவரைப் போன்றவர்களும் கேட்டது அதைத்தான். பல நூற்றாண்டுகள் கழித்து ஓர் உறவு மொழியில் வளர்ந்த பொருளை, பழைய எபிரேயத்தின் 'மூலப்பொருள்' என்று சொல்வது சரியாகாது.

வழிபாட்டிலும் இந்தச் சொல் இடம்பெற்றது. மேற்குச் சுரியானி முறையில், அப்பத்தின்மேலும் இரசத்தின்மேலும் ஆவியானவர் இறங்கும்படி வேண்டும் கட்டத்தில் குருவானவர் இரு கைகளையும் காணிக்கைகளுக்கு மேலே பறவையின் சிறகுபோலப் படபடக்க அசைப்பார். அந்தச் செயலுக்கே இந்த வேரிலிருந்து வந்த 'ரூஹ்ஹாஃபா' என்ற பெயர் உண்டு. கேரளத்தில் மேற்குச் சுரியானி முறையைப் பின்பற்றும் ஆலயங்களில் இதை இன்றும் பார்க்கலாம். கைகள் காணிக்கையைத் தொடுவதில்லை. சற்று மேலேயே நின்று அசைகின்றன. அடைகாத்தல் என்று அகராதி சொன்னாலும் சடங்கு காப்பாற்றி வைத்திருப்பது சிறகசைவைத்தான் என்பது என் கருத்து.

குறுக்குக்கேள்வி எழுதியது:

தொடாமல் நிற்பது என்று நீங்கள் சொன்னதும், யூத ரபிமாரின் மரபுநூலான தால்மூதில் வரும் பென் சோமா என்ற அறிஞரின் கதை நினைவுக்கு வருகிறது. இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

ரபி யோசுவா பென் ஹனனியா ஆலய மலையின் படியில் நின்றுகொண்டிருந்தபோது பென் சோமா அவரைக் கண்டும் எழுந்து மரியாதை செய்யவில்லை. "எங்கிருந்து எங்கே, பென் சோமா?" என்று கேட்டபோது, மேலான நீருக்கும் கீழான நீருக்கும் இடையே உள்ளதை ஆராய்ந்துகொண்டிருந்ததாகவும், இடைவெளி மூன்று விரற்கிடைதான் என்றும் விடை வருகிறது. அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது நம் வசனம்: ஆவி நீரின்மேல் இருந்தது, புறா தன் குஞ்சுகளின்மேல் தொடாமல் சிறகசைத்து நிற்பதுபோல. ரபி யோசுவா தம் சீடர்களைப் பார்த்து, "பென் சோமா இன்னும் வெளியேதான் இருக்கிறார்" என்றாராம். பாபிலோனியத் தால்மூதில் ஹகீகா 15-ஆம் ஏட்டில் இது இருக்கிறது. இதே கதை தோசெஃப்தா என்ற யூத மரபுத் தொகுப்பில் வரும்போது, உபாகமத்துக் கழுகே சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. "தொட்டும் தொடாமலும்" என்பது அங்கே உள்ள தொடர்.

கதையில் ரபி யோசுவா மறுத்தது பென் சோமாவின் படைப்பு ஆராய்ச்சியை. ஆவி இருந்தது முதல் நாள், நீர் பிரிந்தது இரண்டாம் நாள், அப்படியிருக்க ஒன்றை வைத்து மற்றொன்றை எப்படி அளப்பது என்று தால்மூது கேட்கிறது. வினையின் பொருளில் இருவருக்கும் வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எரோணிமுசு யூத ஆசிரியர்களிடம் கற்றார் என்ற வாதம், அடைகாத்தலுக்கு அவ்வளவாக உதவாது. யூத மரபில் நமக்குக் கிடைப்பது முட்டைமேல் அமர்ந்த பறவை அன்று.

மறையுரை வாசகர் எழுதியது:

பென் சோமாவின் புறாவும் குஞ்சுகளை விட்டு அகலாமல்தான் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அடைகாத்தல் என்ற சொல்லை விட்டுக்கொடுத்தாலும், பேணுதல் என்ற குறிப்பை விட்டுவிட நான் அணியமாக இல்லை. உகாரித்தின் பிணந்தின்னிப் பறவைகளை அப்படியே தொடக்கநூலுக்குள் பறக்கவிட்டால், ஆவி எதன்மேல் பாய்வதற்குக் காத்திருந்தது என்று விடை சொல்ல வேண்டியிருக்கும். இணைச்சட்டத்தின் (உபாகமத்தின்) கழுகு தன் குஞ்சுகளுக்கு மேலே நிற்கும் கழுகு. பரிவு வினையில் இல்லாவிட்டாலும் காட்சியில் இருக்கிறது.

மண்பலகை எழுதியது:

ஒப்புக்கொள்ளக் கூடிய வாதம். வினை சொல்வது சிறகின் அசைவை மட்டுமே; அந்த அசைவு கொல்லவா காக்கவா என்பதைக் காட்சிதான் சொல்ல வேண்டும். அனாத்தும் கழுகும் ஒரே வினையைப் பகிர்ந்துகொள்வதே இதற்குச் சான்று.

இனி யாரும் தொடாமல் இருக்கும் எரேமியா 23:9-க்கு வருவோம். எலும்புகளுக்குச் சிறகு கிடையாது. சில அகராதிகள் இந்த இடத்தை மட்டும் தனி வேராகப் பிரித்து, மாவு குழைந்து இளகுவதைச் சொல்லும் 'ரஃகஃப' என்ற அரபு வினையோடு இணைத்து, 'என் எலும்புகள் தளர்ந்தன' என்று பொருள் கொள்கின்றன. ஒலி அளவில் இதற்குத் தடை இல்லை. அரபுச் சொல்லில் இருப்பதும் நான் மேலே சொன்ன அதே கரகரப்பான ஒலிதான். ஆயினும் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே நடுக்கத்தைத்தான் கண்டார்கள். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு 'குலுங்கின' என்கிறது. எரோணிமுசின் லத்தீன் பெயர்ப்பான வுல்காத்தா 'நடுநடுங்கின' என்கிறது. குடிவெறியில் இருப்பவனைப் போல ஆனேன் என்று தீர்க்கதரிசி தொடர்வதற்குத் தளர்ச்சி, நடுக்கம் இரண்டும் பொருந்தும் என்பது உண்மை. எனினும் நடுக்கம் என்று கொண்டால் தனி வேர் தேவைப்படாது. அடிப்படைப் பகுப்பில் 'துடித்தல், நடுங்குதல்' என்றும், பியேலில் அதே துடிப்பு அடுத்தடுத்து நிகழ்வதாக, சிறகு படபடத்தபடி மேலே நிற்பது என்றும் மூன்று இடங்களும் ஒரே நூலில் கோத்துவிடுகின்றன. எபிரேயத்தில் திரும்பத்திரும்ப நிகழும் செயலைப் பியேல் குறிப்பது வேறு வினைகளிலும் உண்டு. உகாரித்தில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் எழுதப்படாததால், அங்கே வந்தது எந்தப் பகுப்பு என்பதை எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

'காற்று வீசியது' என்று பெயர்ப்பவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஐந்தாகமங்களின் பழைய அராமியப் பெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்கூம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது: கடவுளின் முன்னிலையிலிருந்து வந்த காற்று நீரின் முகத்தின்மேல் வீசிக்கொண்டிருந்தது.

சொல்வேர் எழுதியது:

ரூவாஹ் என்பதற்குக் காற்று என்ற பொருள் இருப்பதால் அந்த வாசிப்புக்கும் வழி உண்டு. எனக்குள்ள தடை வினையில்தான். காற்று வீசுவதற்கு எபிரேயத்தில் 'நாஷஃப்', 'நாஷவ்' என்ற வினைகள் இருக்கின்றன. செங்கடலைப் பாடும் யாத்திராகமம் 15:10-இல் முன்னது வருகிறது. காற்று ஓரிடத்தைக் கடந்து போகும். ரேஷ்-ஹேத்-பே வினையோ எழுவாயை ஓரிடத்துக்கு மேலேயே நிறுத்தி வைக்கிறது. ஒன்கெலோஸ்கூட உபாகமத்துக்கு வரும்போது 'வீசியது' என்ற வினையைப் பயன்படுத்த முடியாமல் வேறு சொல்லுக்குப் போய்விடுகிறது.

இந்த வேறு சொல்லுக்குப் போகும் வழக்கம் பழைய பெயர்ப்புகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. எழுபதின்மர் ஆதியாகமத்தில் 'தாங்கிச் செல்லப்பட்டது' என்றும், உபாகமத்தில் குஞ்சுகளுக்காக 'ஏங்கியது' என்றும், எரேமியாவில் 'குலுங்கின' என்றும் மூன்று சொற்களாக ஆக்கிவிட்டார்கள். எரோணிமுசு தம் ஆய்வுக் குறிப்பில் அடைகாத்தலைப் பரிந்துரைத்தவர். ஆனால் வுல்காத்தாவில் பழைய 'தாங்கிச் செல்லப்பட்டது' என்பதையே வைத்துக்கொண்டு, உபாகமத்தில் 'மேலே பறந்து சுற்றியது' என்று எழுதினார். கிரேக்கத்திலோ லத்தீனிலோ மட்டும் வாசிப்பவருக்கு ஆதியாகமத்து ஆவியும் மோசேயின் கழுகும் ஒரே வினையால் கட்டப்பட்டவை என்பது தெரியவே வராது.

நம் பழைய திருப்புதல் இந்த இடத்தில் மிக நன்றாகச் செய்திருக்கிறது. ஆவியானவர் 'அசைவாடிக்கொண்டிருந்தார்', கழுகு 'அசைவாடி' என்று இரண்டிடத்திலும் ஒரே சொல். கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் தொடக்கநூலில் ஆவி 'அசைவாடிக் கொண்டிருந்தது' என்று அதே வினையை வைத்துக்கொண்டது. ஜெபங்களிலும் பாடல்களிலும் 'அசைவாடும்' என்ற சொல் ஆவியானவருக்கே உரியதுபோல ஆகிவிட்டதால், அதில் இருந்த பறவை நம் காதுக்கு மறைந்துவிட்டது; அடைகாக்கும் கோழியைத் தேடிக்கொண்டுவர வேண்டிய தேவை மேடைகளில் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எரேமியாவின் எலும்புகளுக்கு 'அசைவாடின' என்று எந்தத் தமிழரும் எழுத முடியாது. 'அதிருகிறது' என்பதே அங்கே சரி. ஆகவே மூன்றாவது கண்ணியைத் தமிழில் காட்ட அடிக்குறிப்பு ஒன்றே வழி. ஆதியாகமம் 1:2-இன் கீழே உபாகமம் 32:11, எரேமியா 23:9 என்ற இரண்டு எண்களைப் போட்டாலே போதும். முட்டையைப் பற்றி அங்கே எதுவும் எழுத வேண்டியதில்லை.